உங்களுக்குத் தெரியுமா? அடைப்பு நீங்கியும் ஓடாத ரத்தம்

கோடையில் அந்தமானின் டெய்ரி ஃபார்ம் பகுதியில் குடியிருந்தவர்களுக்குப் பழகிய காட்சி. தனிக்காரி அணையில் நீர் இறங்கிவிட்டால், குழாயில் தண்ணீர் சில நாளைக்கு ஒருமுறைதான். வால்வைத் திறந்துவிட்டார்களாம் என்று குடத்தோடு ஓடினால், குழாய் புஸ்ஸென்று காற்றைத் துப்பி, துருநிறத்தில் நாலு சொட்டு விட்டு நின்றுவிடும். பக்கவாத சிகிச்சைக்குப் பிறகு மூளையிலும் சிலருக்கு இதே கூத்துதான்.

தொடை வழியே கத்தீட்டரைச் செலுத்தி மூளைக் குழாயிலிருக்கும் ரத்தக் கட்டியை இழுத்தெடுக்கும் முறைக்கு, 2015ல் வந்த ஐந்து ஆய்வுகள் பேர் வாங்கித் தந்தன. அவற்றைச் சேர்த்துப் பார்த்தால், 90 நாள் கழித்துப் பிறர் கை பிடிக்காமல் வாழ்ந்தவர்கள் 46 சதவீதம். அந்தச் சிகிச்சை இல்லாதவர்களில் 27 சதவீதத்துக்கும் குறைவு. நல்ல முன்னேற்றம்தான். மீதிப் பேருக்கு ஏன் தேறவில்லை?

ஒரு காரணம் 1968லேயே தெரிந்தது. அமெரிக்காவில் ஏம்ஸ் குழுவினர் முயல்களின் மூளைக்கு ரத்தத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தி, பிறகு கரிக்குழம்பைச் செலுத்திப் பார்த்தார்கள். பெரிய குழாய் திறந்தே இருந்தும் சில இடங்கள் கறுக்கவில்லை, வெளுத்தே கிடந்தன.

காரணம், நுண்ணிய ரத்தக் குழாயான தந்துகி சிவப்பணுவைவிடக் குறுகலானது. அணு உடம்பை வளைத்துத்தான் உள்ளே நுழையும். அங்கே ஒரு வெள்ளையணு ஒட்டிக்கொண்டாலே பாதை போச்சு. போதாக்குறைக்கு, தந்துகியைச் சுற்றியிருக்கும் பெரிசைட் செல்கள் பிராணவாயு கிடைக்காமல் இறுகி, இறுகிய நிலையிலேயே சாகின்றன. 2014ல் லண்டன் ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். பிடித்த பிடியோடு செத்துப்போன காவலாளி!

கட்டியை எடுத்த கையோடு, மிச்சத் துணுக்குகளுக்காக அதே குழாயில் கரைப்பு மருந்தையும் விட்டால்? ஸ்பெயினின் கட்டலோனியாவில் 121 பேரிடம் பார்த்தார்கள். மருந்து பெற்றவர்களில் 59 சதவீதம், பெறாதவர்களில் 40 சதவீதம் நன்றாகத் தேறினார்கள். ஆனால் ஒப்பீட்டுக்கான போலி மருந்து கிடைக்காமலும் கொரோனாவாலும் ஆய்வு பாதியிலேயே நின்றது. 2025ல் சீனாவிலிருந்து வந்த ஆய்வுகளில் சில ஆமாம் என்கின்றன, வேறு சில கைவிரிக்கின்றன.

பிரஷரை நன்றாக இறக்கிவிட்டால் நல்லதுதானே என்று நினைப்போம். கட்டியை எடுத்த பிறகு 120க்குக் கீழே இறக்கியவர்கள், 140-180ல் விட்டவர்களைவிட மோசமாகவே இருந்தார்கள். இது 2022ல் வந்த முடிவு. வீட்டில் யாரும் சொந்தமாக மாத்திரையைக் கூட்டவேண்டாம்.

கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு, பக்கவாதம் தொடங்கியதிலிருந்து பொதுவான கெடு நாலரை மணி நேரம். அந்தமானிலிருந்து சென்னைக்குக் கப்பலேறினால் இரண்டரை நாளாவது ஆகும். ஆகவே முதலில் ஜி.பி. பந்த் மருத்துவமனைதான். அங்கே கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று: கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்? "விடிகாலை எழுந்திருக்கும்போதே அப்பாவுக்கு வாய் கோணியிருந்தது டாக்டர்" என்றால், கணக்கு முந்தின இரவு அவர் படுத்த நேரத்திலிருந்து தொடங்கும்.