ஃபேன் உடைகிறதா? ஷாஃப்ட்டைப் பாருங்க

1950-ல் வந்த ஃபோக்ஸ்வாகன் டைப் 2 பஸ்ஸில் ரேடியேட்டரே கிடையாது. எஞ்சினைக் குளிரவைப்பது ஒரு ஃபேன்தான். 1970 வரை வந்த வண்டிகளில் அது டைனமோ ஷாஃப்ட்டின் ஒரு முனையில் இருக்கும். மறுமுனையில் பெல்ட் புல்லி.

அதனால், புதுசா மாட்டிய ஃபேனும் விரிசல் விட்டால் நான் முதலில் சந்தேகப்படுவது ஷாஃப்ட்டைத்தான். பெல்ட்டைக் கழற்றிவிட்டு புல்லியைப் பிடித்து ஆட்டிப் பாருங்க. ஆட்டம் இருந்தால் பேரிங் போச்சு. பிறகு ஃபேன் ஹப்: சாவி தேய்ந்திருக்கா, நட் இறுக்கமா இருக்கா? பெல்ட்டை ரொம்ப இறுக்கினாலும் பேரிங்தான் அடிவாங்கும். கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 15 மி.மீ. அமுங்கணும். அமுங்கலைன்னா, புல்லியின் இரு பாதிகளுக்கு நடுவே ஒரு வாஷர் கூடுதலா போட்டால் பெல்ட் தளரும்.

இதைத் தள்ளிப்போடக் கூடாது. பெல்ட் அறுந்தால் சிவப்பு சார்ஜ் விளக்கு எரியும். ஹப் நழுவி ஃபேன் மட்டும் நின்றால் டைனமோ சுற்றிக்கொண்டேதான் இருக்கும். விளக்கு எரியாது, எஞ்சின் வெந்துவிடும்.