செத்தவீட்டு அடுப்பு

அன்னதானக் கந்தன் எனப் போற்றப்படும் செல்வச் சந்நிதி முருகன் உறையும் தொண்டைமானாற்றில் விருந்தோம்பலை எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. செத்தவீட்டில் மட்டும் அம்முறை தலைகீழாகும். அங்கே அடுப்பு எரியாது. அயலவரே சமைத்துக் கொண்டுசெல்வர். முஸ்லிம்களிடமும் இதே நெறியுண்டு. கி.பி. 629இல் மூத்தா போரில் ஜஅஃபர் (ரலி) உயிர்நீத்தபோது, அவர் குடும்பத்தினருக்கு உணவு சமைக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) பணித்தார்கள்.

நாம் செய்வதென்ன? 31ஆம் நாள் அந்தியேட்டி முடிந்ததும், கடன்பட்டேனும் விருந்து வைக்கும் நிலைக்குத் துக்க வீட்டாரைத் தள்ளுகிறோம். உண்டபின் கறியில் குறையும் சொல்கிறோம்!

ஜனாஸா பெரும்பாலும் அன்றே அடக்கப்படும். ஆதலால் தாமதியாது செல்லவேண்டும். மலர்வளையம் வேண்டாம். எந்த வீடாயினும், மரணம் நேர்ந்த விதத்தைத் துருவித்துருவி வினவாது அருகில் அமர்ந்திருப்போம். கூட்டம் கலைந்து, பந்தல் பிரித்த பின்னரும் ஒருமுறை சோற்றுப்பானையுடன் போய்வருவோம்.