பழங்கணினிக்கு ஓசையற்ற வரைகலை அட்டை

பழைய பொருளைப் பேணிப் பயன்கொள்ளல் உலோபமன்று. அறிவுடைமையே என்பது எமது துணிபு. யாம் 2012ஆம் ஆண்டில் வாங்கிய மேசைக் கணினி, லினக்ஸ் இயங்குதளத்தோடு இன்றும் செவ்வனே பணியாற்றுகின்றது. மாணாக்கரின் பொருட்டுச் செய்யுட்களை ஓதி அதில் ஒலிப்பதிவு செய்து வருகின்றோம். அண்மையில் அதன் வரைகலை அட்டையிலுள்ள சிறு விசிறி தேய்ந்து இரையலாயிற்று. பதிவைக் கேட்ட மாணவன் ஒருவன், மழை பெய்கையிலா ஓதினீர்கள் என எம்மை வினவினான். மாற்று அட்டை தேடத் தொடங்கினோம்.

விசிறியில்லாத அட்டையே போதுமென்றெண்ணி, வேறெதனையும் ஆராயாது ஒன்றை வாங்கிப் பொருத்தினோம். பங்குனி மாத நண்பகலொன்றில், ஒலிப்பதிவின் நடுவே கணினி நின்றுபோயிற்று; இரண்டு மணிநேர உழைப்பு வீணாயிற்று. பெட்டியினுள் காற்றோட்டமின்மையைப் பாராதது எமது பிழையே. அப்பிழையின்பின் யாம் கற்ற மூன்றினை ஈண்டு உரைப்பாம்.

முதலாவது, மின்வலு. அட்டை கொள்ளும் மின்வலு ஈற்றில் வெப்பமாகின்றது. அட்டையைச் செருகும் இடம் 75 வாற்றுக்கு மேல் தராது. ஆதலின் தனி மின்வடம் வேண்டாத, 30 முதல் 50 வாற்று வரை கொள்ளும் அட்டையே ஏற்றது.

இரண்டாவது, காற்று. சிறிய விசிறி விரைந்து சுழன்றே போதிய காற்றைத் தள்ளும். ஓசை அவ்விரைவிற் பிறப்பது. பெட்டியின் பின்புறத்தே 120 மில்லிமீற்றர் விசிறியொன்று மெல்லச் சுழலுமாயின் வெப்பம் வெளியேறும். அட்டையின் விசிறிக்கு வேலை குறையும். விசிறியற்ற அட்டைக்கோ இஃது இன்றியமையாதது.

மூன்றாவது, இயக்கி நிரல். லினக்ஸ் பயன்படுத்துவோர் முதலில் நோக்கவேண்டியது இதுவே. ஏ.எம்.டி. அட்டைகளுக்குரிய ஏ.எம்.டி.ஜி.பி.யு. இயக்கி, 2015 முதல் லினக்சின் கருநிரலிலேயே அடங்கியுள்ளது; கருநிரலோடு தானும் புதுப்பிக்கப்படுவது. என்விடியா நிறுவனத்தின் இயக்கியோ தனியே நிறுவப்படுவது. ஜீபோர்ஸ் ஜி.டி. 1030 அட்டை 30 வாற்றே கொள்வதாயினும், 580 என்னும் தொடரே அதற்கு இறுதி இயக்கித் தொடராகும். நூவோ என்னும் திறந்த இயக்கி உண்டு. ஆயின் அவ்வட்டையின் வேகத்தை உயர்த்த அதனால் இயலாது.

புதியதெல்லாம் பழங்கணினிக்குப் பொருந்துமென்று கொள்ளற்க. 2022இல் வந்த ரேடியன் ஆர்.எக்ஸ். 6400 நான்கு தடங்களிலேயே தரவுகளைக் கடத்துவது. பழைய தாய்ப்பலகையில் அத்தடங்களின் வேகம் பாதியோ காலோ ஆகிவிடும். 2017இல் வந்த ஆர்.எக்ஸ். 550 எட்டுத் தடங்கள் உடையது. 50 வாற்றுக் கொள்வது. பழைய வி.ஜி.ஏ. திரையுடையோர் அட்டையின் இணைப்பு வாய்களையும் முன்னரே பார்த்தல் நன்று.

இவற்றைச் சீர்தூக்கி, பாவித்த ஆர்.எக்ஸ். 550 ஒன்றினை வாங்கினோம். பெட்டிக்கும் பெருவிசிறி ஒன்று பொருத்தினோம். இப்போது பதிவிலே செய்யுள் மட்டுமே கேட்கின்றது. பழைய மாணவ அன்பர்காள்! வீட்டிலே இரைகின்ற கணினியைக் கழிக்குமுன் அதன் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். சிறு செலவிற் சீராயின், அது வறிய மாணவன் ஒருவனுக்குப் பல்லாண்டு பயன்படும்.