மணிக்கட்டின் அளவு

உங்கள் மணிக்கட்டின் சுற்றளவு என்ன என்று கேட்டால், நூலொன்றைச் சுற்றி அளந்து உடனே விடை சொல்லிவிடுவீர்கள். விடியற்காலையில் அளந்த அதே நூலைக் கொண்டு, நடுப்பகல் வெயிலில் நடந்துவந்தபின் மீண்டும் அளந்து பாருங்கள். இரண்டு அளவுகளும் பெரும்பாலும் ஒத்திரா. மிகச் சிறிய இந்த வேற்றுமையைக் கற்றுக்கொள்ள நான் ஒரு கைக்கடிகாரத்தையே விலையாகக் கொடுக்க நேர்ந்தது.

அது என் தந்தையார் விட்டுச்சென்ற எச்.எம்.டி. கடிகாரம். 1961-இல் ஜப்பானியரின் கூட்டுறவோடு பெங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையின் வழிவந்தது. தந்தையார் அதைத் தோல் வாரில் அணிந்திருந்தார். நானோ அழகு கருதி, வாரை நீக்கிவிட்டு எஃகுச் சங்கிலி ஒன்றை மாட்டினேன். சங்கிலி சற்றே தளர்ந்திருந்தது. ஒரு கண்ணியைக் கழற்றச் செய்தேன். அன்று மாலை அது கைக்கு அளவெடுத்ததுபோலப் பொருந்திற்று.

சில ஆண்டுகளுக்கு முன், பங்குனி மாதக் கடைசியில், இராமேஸ்வரத் தீவின் பாம்பனிலிருந்து நாட்டுப் படகொன்றில் சென்றேன். கடல்வாழ் உயிர்களைப் பற்றி ஆராயும் என் அண்ணன் மகனும் உடன் இருந்தான். பதினொரு மணிக்குள் சங்கிலி என் கையைக் கவ்வத் தொடங்கிற்று. தோலில் கண்ணிகளின் தடம் பதிந்தது. பொறுக்கமாட்டாமல் கழற்றிப் படகின் பலகைமேல் வைத்தேன். ஓர் அலை படகைச் சாய்த்தது. கடிகாரம் வழுக்கி நீரில் விழுந்தது. அண்ணன் மகன் உடனே குதித்து மூழ்கினான். இருமுறை மூழ்கியும் வெறுங்கையோடுதான் ஏறினான்.

"தாத்தா கடிகாரம் போய்விட்டதே, சித்தப்பா!" என்றவன், சற்று நேரங்கழித்து, "இறுக்கினால் ஏன் கழற்றினீர்கள்? தளர்த்தியிருக்கலாமே" என்றான். தளர்த்த அதில் வழியில்லை என்றேன். அவன் தன் கையை நீட்டினான். அவன் அணிந்திருந்தது கடலில் மூழ்குவோர்க்கென அமைந்த கடிகாரம். சங்கிலியின் பூட்டைத் திறந்து, உள்ளே ஒரு துண்டை இரண்டு படி நகர்த்தி மீண்டும் மூடினான். கருவி ஒன்றும் தேவைப்படவில்லை. கடிகாரத்தைக் கையிலிருந்து எடுக்கவும் இல்லை. என் இழப்புக்குக் காரணம் அலையன்று, அந்தப் பூட்டு இல்லாமையே என்று அப்போது உணர்ந்தேன்.

மணிக்கட்டு ஏன் மாறுகிறது? வெப்பம் மிகும்போது, அதை வெளியேற்றும்பொருட்டு, தோலடியிலுள்ள சிறு இரத்தக் குழாய்கள் விரிகின்றன. கைக்கு மிகுந்த இரத்தம் பாய்கிறது. கையைத் தொங்கவிட்டு நெடுநேரம் நடந்தால் நீர்மம் தங்கி இன்னும் சிறிது பருக்கிறது. குளிரில் அக்குழாய்கள் சுருங்க, கையும் மெலிகிறது. இஃது நோயன்று; உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் முறை.

இதில் கணக்கும் உண்டு. சங்கிலியின் நீளத்தில் 2 மில்லிமீட்டர் கூடினால், அதன் விட்டத்தில் கூடுவது ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டரே. கைக்கும் சங்கிலிக்கும் இடையே ஒரு பக்கத்தில் கிடைக்கும் இடம் அதிலும் பாதி. ஓர் அட்டையின் தடிப்பு எனலாம். இறுக்கம், இதம் என்னும் இரண்டையும் பிரிப்பது அவ்வளவு சிறிய இடைவெளிதான். ஆனால் பல சங்கிலிகளில் ஒரு கண்ணியின் நீளமோ 7 அல்லது 8 மில்லிமீட்டர். கண்ணியைச் சேர்த்தால் தளரும், எடுத்தால் இறுக்கும். நான் அகப்பட்டுக்கொண்டது இந்த இக்கட்டில்தான்.

கையின் அளவு மாறும் என்பது தமிழர்க்குப் புதிய செய்தியன்று. இராமநாதபுரக் கடற்கரையில் பண்டு தொட்டே சங்கு குளித்து வருகின்றனர். சங்கை வாளால் குறுக்கே அறுத்து வளையல் செய்தனர். வைகை கடலொடு கலக்கும் பகுதியிலுள்ள அழகன்குளத்து அகழாய்வில் அத்தகைய வளையல் துண்டுகள் கிடைத்துள்ளன. மன்னார் வளைகுடாச் சங்கு வங்காளத்துக்குச் சென்று, அங்கே மணமான மகளிரின் வளையலாயிற்று. சங்கு வளைக்குப் பூட்டில்லை. அறுத்த அளவே இறுதி அளவு. சங்கப் பாடல்களில் தலைவனைப் பிரிந்த தலைவியின் வளை நெகிழ்ந்து வீழ்வதைப் படித்திருப்பீர்கள். கை மெலிந்தது, வளை மெலியவில்லை. புலவர்க்கு அது துயரின் அடையாளம். கருவி செய்வோர்க்கோ அது தீர்க்க வேண்டிய ஒரு சிக்கல்.

அச்சிக்கலை இக்காலத்தில் மிகுந்த கவனத்தோடு ஆராய்ந்தவர்கள், மூழ்குவோர்க்குக் கடிகாரம் செய்தவர்களே. முத்துக் குளித்த நம்மவர் கல்லைத் துணைகொண்டு இறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சடக்கினர். படகில் கயிறு பிடித்திருந்தவரே அவர்க்குக் காவல். காற்றுக் கலம் சுமந்து இறங்குவோர் நெடுநேரம் நீரடியில் இருப்பதால், காலக் கணக்கு அவர்க்கு உயிர்க் கணக்காயிற்று. 1953-இல் சுவிட்சர்லாந்தில் இரண்டு புகழ்பெற்ற கடிகாரங்கள் தோன்றின: ரோலெக்ஸ் நிறுவனத்தின் சப்மரினர், பிளான்பான் நிறுவனத்தின் ஃபிஃப்டி ஃபாதம்ஸ். பின்னதன் பெயரைத் தமிழில் 'ஐம்பது பாகம்' எனலாம். நம் கடலோர மக்கள் ஆழத்தை அளக்கும் அதே பாகந்தான். ஐம்பது பாகம் ஏறத்தாழ 91 மீட்டர்.

குளிர்க்கடலில் மூழ்குவோர் தடித்த இரப்பர் உடை அணிவர். அதனுள் எண்ணற்ற வளிக்குமிழிகள் உண்டு. 5 மில்லிமீட்டர் தடிப்புள்ள உடைமேல் கடிகாரம் அணிய வேண்டுமானால், சங்கிலிக்கு ஏறத்தாழ 31 மில்லிமீட்டர் கூடுதல் நீளம் வேண்டும். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்காகிறது. பாயில் விதிப்படி குமிழிகள் பாதியாகச் சுருங்க, உடையும் மெலிகிறது. கரையில் இறுக்கமாயிருந்த கடிகாரம் ஆழத்தில் தளர்ந்து சுழலும்.

இதற்குப் பல தீர்வுகள் பிறந்தன. 1975-இல் ஜப்பானிய செய்கோ நிறுவனம், ஆர்மோனியத் துருத்திபோல் மடிப்புகள் கொண்ட இரப்பர் வாரைத் தந்தது. அது விரியும், சுருங்கும். ரோலெக்ஸ் 2008-இல் கிளைட்லாக் என்னும் பூட்டைக் கொண்டுவந்தது. நம் வீட்டுச் சாய்வு நாற்காலியின் சட்டத்தில் வரிசையாகப் பள்ளங்கள் இருக்கும் அல்லவா? தாங்கு கோலை ஒரு பள்ளத்திலிருந்து மறு பள்ளத்துக்கு மாற்றுவோம். இந்தப் பூட்டினுள்ளும் அவ்வாறே ஒரு பல்வரிசை. இன்றைய சப்மரினரில், சங்கிலியை ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் படிகளாக, ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் வரை நீட்டலாம். 2012-இல் டியூடர் நிறுவனத்தின் பெலாகோஸ் கடிகாரம், வில்சுருள் அமைந்த பூட்டோடு வந்தது. உடை மெலிந்தால் அது தானே சுருங்கும். பருத்தால் தானே நீளும்.

வளைந்துகொடுப்பது வலுவிழப்பதாகாது. மூழ்குவோர் கடிகாரத்துக்கான ஐ.எஸ்.ஓ. 6425 என்னும் பன்னாட்டுத் தரம், கடிகாரத்தோடு வார் இணையும் இடம் 200 நியூட்டன் விசையைத் தாங்கவேண்டும் என்கிறது. 20 கிலோகிராம் எடையைத் தொங்கவிடுவதற்கு ஒப்பானது அது.

இராமேஸ்வரத்தின் வெதுவெதுப்பான கடலுக்குத் தடித்த உடை வேண்டியதில்லை. ஆயினும், குளிர்க்கடலுக்கென எண்ணிய பூட்டு நம் வெயிலுக்கு நன்கு உதவுகிறது. இன்று பலர் இத்தகைய கடிகாரங்களை அணிந்து கடலில் இறங்குவதேயில்லை. பேருந்திலும் அலுவலகத்திலும் அந்த இரண்டு படிகளை நகர்த்திக்கொள்கின்றனர். பல இலட்சம் ரூபாய்க் கடிகாரத்துக்குத்தான் இந்த வசதி என்பதில்லை. என் அண்ணன் மகனுடையது அத்தகையதன்று. விலை குறைந்தவற்றிலும் இம்முறை இடம்பெறத் தொடங்கிவிட்டது. நீங்கள் சங்கிலி வாங்கினால், அதன் அளவைக் காலையில் ஒருமுறையும் பிற்பகலில் ஒருமுறையும் பாருங்கள். பிற்பகலிலும் சுண்டுவிரல் நுனி உள்ளே நுழைய இடமிருந்தால் போதும்.

தந்தையாரின் தோல் வார் இன்னும் என் மேசை அறையில் இருக்கிறது. கடிகாரம் போனபின்னர்தான் அதை எடுத்து உற்றுப் பார்த்தேன். வரிசையாக உள்ள துளைகளில் அடுத்தடுத்த இரண்டு மட்டும் நீண்டு தேய்ந்திருந்தன. ஒன்று அவருடைய காலைக்கு. மற்றது அவருடைய நடுப்பகலுக்கு.