ஆய்வாளனின் சார்பும் ஆய்வின் நேர்மையும்: எண்ணூர் எழுப்பும் வினா

சமூக ஆய்வு என்பது ஆய்வாளனின் சொந்த விழுமியங்களிலிருந்து முற்றிலும் விடுபட்டிருக்க வேண்டும் என்போர், அதற்குச் சான்றாக மாக்ஸ் வெபரின் பெயரைச் சொல்வது வழக்கம். 1904இலும் 1917இலும் அவர் எழுதிய கட்டுரைகளை ஊன்றி நோக்கினால், அவர் கூறியது வேறு என்பது புலனாகும். எதை ஆராய்வது என்ற தேர்வில் விழுமியம் நுழைந்தே தீரும். கண்டறிந்த உண்மையைத் திரிக்க மட்டும் அதற்கு உரிமை இல்லை. இதுவே அவரது நிலைப்பாடு. இவ்வெல்லைக் கோட்டை ஏட்டில் வரைவது எளிது. களத்தில் அது எங்கே ஓடுகிறது என்பதை வடசென்னையில் காணலாம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியின் எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. அரசு 2,301 குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும், 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாயும், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாயும் நிவாரணம் அறிவித்தது. எண்களில் விருப்புமில்லை, வெறுப்புமில்லை. ஆயினும் எதை அலகாகக் கொண்டு எண்ணுவது என்பதை எண்கள் தாமே முடிவு செய்வதில்லை. படகை எண்ணினால் படகுடையோர் தெரிவர். இடுப்பளவு நீரில் நின்று சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பத்துக்குப் படகு ஏது? மீன்கூடை சுமந்து தெருத்தெருவாக விற்கும் பெண்ணின் இழப்பு எந்தப் பட்டியலில் ஏறும்? எண்ணத் தொடங்கும் முன்பே ஒரு விழுமியம் முடிவெடுத்துவிடுகிறது.

வரைபடத்தின் கதை இன்னும் கூர்மையானது. 1991ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையின்படி 1996இல் ஒப்புதல் பெற்ற வரைபடத்தில், எண்ணூர்க் கழிமுகம் கடலேற்ற நீர் புகும் பாதுகாக்கப்பட்ட பகுதியாக இருந்தது. 2009ஆம் ஆண்டின் வரைபடம் ஒன்றில் அதே கழிமுகம் கழிமுகமாக இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே பெறப்பட்ட இவ்விரண்டையும் அருகருகே வைத்து, 2017இல் ஆர்வலர்கள் கேள்வி எழுப்பினர். நீரோ வழக்கம்போல் ஏறியும் இறங்கியும் வந்தது.

வரலாற்றுச் செய்திகளில் பொய் புகுவதற்கான காரணங்களை இப்னு கல்தூன் தமது ‘முகத்திமா’வில் அடுக்குகிறார். கொள்கைச் சார்பும், அறிவிப்பாளர் மீது வைக்கும் குருட்டு நம்பிக்கையும், அதிகாரத்தில் இருப்போரைப் புகழ்ந்து நெருங்கும் ஆசையும் அவற்றுள் அடங்கும். ஆனால் இவை எல்லாவற்றினும் முந்தியதாக அவர் கருதுவது, மனித வாழ்வின் இயல்பை அறியாமையையே. நடுநிலையைப் பற்றிய இன்றைய விவாதங்களில் இது பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. எவ்விதச் சார்பும் இல்லாத ஒருவர், ஆற்றின் ஏற்றவற்றம் அறியாதவராக இருந்தால், தவறான வரைபடத்தையே நேர்மையாக வரைவார்.

நம் ஹதீஸ் கலை வல்லுநர்கள் இச்சிக்கலை வேறு வகையில் அணுகினர். இம்ரான் இப்னு ஹித்தான் காரிஜிய்யாக்களைச் சேர்ந்தவர். அலீ (ரலி) அவர்களைக் கொன்றவனையே புகழ்ந்து பாடியவர். அத்தகையவரின் அறிவிப்பும் இமாம் புகாரியின் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. அவருடைய சார்பு யாவரும் அறிந்ததே. அதை மறைக்கவுமில்லை, அதற்காக அவரைப் பொய்யர் என்று தள்ளவுமில்லை. சார்பு வேறு, வாய்மை வேறு எனக் கொண்டு இரண்டையும் தனித்தனியே எடைபோட்டனர். சார்பற்ற மனிதரைத் தேடி அவர்கள் காலத்தை வீணாக்கவில்லை என்றே நாம் கருதுகிறோம்.

எண்ணூரில் இந்த அளவுகோல் தலைகீழாக நிற்கிறது. ஆறு மாறிவிட்டது, சாம்பல் படிந்து ஆழம் குறைந்துவிட்டது என்று காட்டுக்குப்பத்து மீனவர் சொன்னால், அவர் ‘பாதிக்கப்பட்ட தரப்பு’. ஆகவே அவர் சொல் ஐயத்துக்குரியது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் ஆய்வறிக்கை தயாரிக்கும் ஆலோசகருக்குக் கூலி கொடுப்பதோ, திட்டத்தைத் தொடங்க விரும்பும் நிறுவனமே. அவர் ‘நிபுணர்’. மீனவரின் சொல்லை ஆழம் அளந்து சோதிக்கலாம், சோதிக்கவும் வேண்டும். ஆலோசகரின் அறிக்கையையும் அதே ஆற்றில், அதே கோலை ஊன்றிச் சோதிக்கத்தான் வேண்டும்.