குட்டி விற்குமுன் தாய் நாயின் கணக்கையும் போடுங்கள்

மக்காச்சோளத்தில் படைப்புழு தின்றது போக மிச்சம் வீடு வந்து சேர்ந்தால் சரி என்று பேசும் நிலை பெரம்பலூரில். முந்திரி பூக்கும் நேரத்தில் மழை கெடுத்துவிட்டால் அடுத்த ஆண்டு வரை கைச்செலவுக்கு என்ன செய்வது என்ற கவலை அரியலூரில். மானாவாரியை நம்பி நிற்கும் இந்த இரண்டு மாவட்டங்களில் யார் எந்த உபதொழிலைச் சொன்னாலும் காது கொடுத்துக் கேட்போம். ஆடு, நாட்டுக்கோழி, தேனீ என்ற அந்த வரிசையில் இப்போது நாயும் சேர்ந்திருக்கிறது. வீட்டில் நிற்கும் பெட்டை நாயை நல்ல ஜாதி ஆண் நாயோடு சேர்த்துக் குட்டியை விற்றால் என்ன என்று நீங்களும் யோசித்திருக்கலாம். செல்போனில் வரும் படங்களையும் விலைகளையும் பார்த்தால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும்.

ஆனால் நாய் ஆடு அல்ல. விற்காத ஆட்டுக்குட்டி வளர வளர எடை கூடும், விலையும் கூடும். நாய்க்குட்டிக்கு நேர்மாறு. இரண்டு மாதத்தில் போகாத குட்டிக்கு மூன்றாம் மாதம் விலை இறங்கும். ஐந்தாம் மாதம் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆள் இருக்காது. அதற்குப் பிறகும் அது 10, 12 ஆண்டு உயிரோடு இருக்கும், தினமும் பசிக்கும். இந்தத் தொழிலின் எல்லாச் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது.

காகிதத்தில் போடும் கணக்கைப் பார்ப்போம். ஒரு ஈத்துக்கு ஆறு குட்டி, குட்டி 8,000 ரூபாய் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். 48,000 ரூபாய். நாய் ஆண்டுக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும், சினைக்காலம் 63 நாள்தான், ஆகவே 96,000 என்று பலர் எழுதிவிடுகிறார்கள். இரண்டாவது வரியிலேயே கணக்கு தப்பு. 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்கம், விற்பனை விதிகளின்படி ஒரு பெட்டை 12 மாதத்தில் ஒரு ஈத்துதான் போடலாம். 18 மாத வயதுக்கு முன்பு இணை சேர்க்கக் கூடாது, எட்டு வயதுக்குப் பிறகும் கூடாது. வாழ்நாளில் ஐந்து ஈத்துக்கு மேல் கிடையாது. தாயோடு மகனையோ, உடன் பிறந்தவற்றையோ சேர்ப்பதற்கும் தடை.

சட்டம் ஏதோ பட்டணத்து மனிதர்களுக்காகப் போட்டது என்று நினைக்க வேண்டாம். மாடு வைத்திருக்கும் உங்களுக்கு இது புரியாததல்ல. கன்று ஈன்ற பசுவைத் தேற விடாமல் அடுத்த சினைக்கு அவசரப்படுத்துவோமா? நாய்க்கும் அதே உடம்புதான். ஆறேழு குட்டிக்குப் பால் கொடுக்கும் நாயின் ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து இறங்கினால், பசுவுக்குப் பால் சுரம் வருவதுபோல நாய்க்கும் வரும். உடம்பு நடுங்கும், கால் விறைக்கும், உடனே ஊசி போடாவிட்டால் செத்துப்போகும். வயதான பெட்டைக்குக் கர்ப்பப்பையில் சீழ் கட்டும். அதற்குப் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சைதான் வழி. இரவு பதினொரு மணிக்கு வேப்பந்தட்டையிலோ ஆண்டிமடத்திலோ நாய்க்குச் சிசேரியன் செய்ய யார் கிடைப்பார் என்று முதலில் விசாரித்து வையுங்கள். கிடைக்க மாட்டார் என்றால், அதையும் தெரிந்துகொண்டுதான் அந்த நாயைச் சினைக்கு விடுகிறீர்கள்.

செலவுப் பக்கத்தில் தாய்க்குச் சினைக்காலத் தீனி, குட்டிகளுக்கு இரண்டாம் வாரம் தொடங்கி குடற்புழு மருந்து, ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, அதன்பின் மூன்று நான்கு வார இடைவெளியில் அடுத்தடுத்த ஊசிகள் என்று வரும். பார்வோ என்னும் ரத்தக் கழிச்சல் நோய் புகுந்தால் ஒரே வாரத்தில் ஈத்து முழுவதும் போய்விடும். இத்தனையும் கழித்து மிஞ்சுவதுதான் லாபம். இதில் யாரும் எழுதாத செலவு ஒன்று உண்டு. எட்டு வயதில் ஈத்து நின்ற தாய் நாய் இன்னும் நான்கைந்து ஆண்டு வாழும். அந்தத் தீனிச் செலவை எந்தக் காகிதக் கணக்கிலும் நான் பார்த்ததில்லை. எழுதாததற்குக் காரணம், அதற்குள் நாயை எங்காவது விட்டுவிடலாம் என்ற எண்ணம்தான்.

எங்காவது என்றால் எங்கே? நெடுஞ்சாலை ஓரம், சிமெண்ட் ஆலைச் சுண்ணாம்புக்கல் குவாரிப் பக்கம், இல்லாவிட்டால் அடுத்த ஊர் ஏரிக்கரை. காங்கேயம், ஈரோடு பக்கத்து விவசாயிகள் பட்டி ஆடுகளைத் தெருநாய்கள் கடித்துக் கொன்றதற்கு இழப்பீடு கேட்டுச் செத்த ஆடுகளோடு சாலைக்கு வந்ததைப் படித்திருப்பீர்கள். நம் வெண்பாவூர் காட்டுப் பக்கம் தண்ணீர் தேடி வெளியே வரும் மான்களுக்கும் நாய்தான் எமன். கைவிடப்பட்ட ஒரு ஜாதி நாயும் கருத்தடை செய்யாத அதன் குட்டிகளும் இந்தக் கூட்டத்தில்தான் சேருகின்றன. குட்டி விற்றவர் கையில் பணம், ஆடு வளர்ப்பவர் தலையில் நஷ்டம். பெரும்பாலும் இருவரும் ஒரே ஊர்க்காரர்கள்.

நாட்டு நாய்களைக் காப்பாற்றுகிறோமே, அது நல்ல காரியம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவை நம் மண்ணின் சொத்து. 2005 ஜனவரியில் ராஜபாளையம் நாய்க்குத் தபால் தலையே வந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் இந்தப் பெயர்களைச் சொன்ன பிறகு நாடு முழுவதும் இவற்றின் பேச்சுதான். ஆனால் கிராக்கி கூடினாலே இனம் காப்பாற்றப்பட்டுவிடாது. ராஜபாளையத்தில் பால் வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும்தான் சந்தையில் விலை போகும். அந்த வெள்ளை நிறத்தோடு சேர்ந்து பிறவிச் செவிட்டுத்தன்மையும் சில குட்டிகளுக்கு வருகிறது. நல்ல வெள்ளை வேண்டும் என்று நெருங்கிய ரத்தத்துக்குள்ளேயே சேர்த்தால் இந்தக் குறை கூடும். காது கேட்காத குட்டியைக் காவலுக்கு யாரும் வாங்க மாட்டார்கள். அதைக் கடைசி வரை வைத்துச் சோறு போடுவீர்களா, அல்லது முடித்துவிடுவீர்களா? நாய் வாங்குவதற்கு முன்பே இதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

நாட்டு இனம் என்பதற்காக விதியில் சலுகை கிடையாது. சென்னை சைதாப்பேட்டையில் தமிழக அரசே நாட்டு நாய்களுக்காக ஓர் இனப்பெருக்கப் பண்ணை நடத்தி வந்தது. நாய்கள் வைக்கப்பட்டிருந்த நிலை பற்றி விலங்கு நல அமைப்பினர் வழக்குப் போட, 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை மூடச் சொன்னது. மூடினால் இனம் அழிந்துவிடுமே என்று அப்போது பலர் வருந்தினார்கள். அந்த வருத்தத்தில் நியாயம் உண்டு. ஆனால் கூண்டுக்குள் வாடும் நாயைக் காட்டி இனத்தைக் காக்கிறோம் என்று சொன்னால் எடுபடாது. முயல் வேட்டைக்கு ஓடியது, மனிதரோடு காட்டில் திரிந்தது சிப்பிப்பாறை. வேட்டை இன்று வன உயிரினச் சட்டப்படி குற்றம். ஓட்டமும் இல்லாமல் நாலடிக் கூண்டில் அடைத்தால் அந்த நாயிடம் என்ன மிஞ்சும்?

வெளிநாட்டு இனங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2003 வாக்கில் ஒரு செல்போன் கம்பெனி விளம்பரத்தில் பையன் பின்னால் ஓடிய பக் நாயைப் பார்த்து ஊரெல்லாம் அந்த நாயை வாங்கியது. முகம் தட்டையாக இருப்பதால் பக்கத்து மூச்சுக் குழலும் நெருக்கம். வெயில் ஏறினால் மூச்சு வாங்கித் தவிக்கும். பனிப் பிரதேசத்து ஹஸ்கியைச் சித்திரை மாதம் பெரம்பலூரில் கட்டிப்போடுவது பற்றி என்ன சொல்ல? 2024-ல் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று இவை உள்ளிட்ட பல இனங்களைப் பட்டியலிட்டது. அதற்கு எதிர்ப்பும் கிளம்பியது. அதன் இன்றைய நிலையைக் கால்நடை பராமரிப்புத் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். எப்படி இருந்தாலும் வெயில் மாறப்போவதில்லை.

இடைத்தரகர் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. ‘பெட்டையை நாங்கள் தருகிறோம், குட்டியை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்’ என்று யாராவது வந்தால் 2012-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். பெருந்துறை ஈமு கோழிக்கும் இதே பேச்சுத்தான். கம்பெனி கவிழ்ந்தபோது முதலீட்டாளர் பணம் போனது மட்டுமல்ல, தீனி இல்லாமல் பறவைகளும் கொட்டகைகளில் தவித்தன. வேல்ஸ் நாய்ப் பண்ணை ஒன்றில் ஈத்து மேல் ஈத்தாகப் போட வைக்கப்பட்டு 2013-ல் மீட்கப்பட்ட லூசி என்ற பெட்டையின் பெயரால் 2020-ல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் வந்தது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டியைத் தரகரும் கடைக்காரரும் விற்க அங்கே தடை. வாங்குபவர் வளர்ப்பவரின் இடத்துக்கே போய், தாயோடு இருக்கும் குட்டியைப் பார்த்து வாங்க வேண்டும். இதை நம் ஊரில் சட்டம் இல்லாமலே செய்யலாம். தாயைக் காட்டத் தயங்கும் இடத்தில் குட்டி வாங்காதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் செய்யலாம் என்று தோன்றினால், ஒரு பெட்டையோடு தொடங்குங்கள். இணை சேர்ப்பதற்கு முன்பே குட்டி வேண்டுபவர்களைப் பேசி வையுங்கள். நாலு பேர்கூட இல்லை என்றால் அந்தப் பருவத்தை விட்டுவிடுங்கள். எட்டு வாரம் முடியாமல் குட்டியைக் கொடுக்காதீர்கள். 30 நாள் குட்டிதான் அழகு என்று கேட்பார்கள். ஆனால் கடி எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்பதைக் குட்டி தாயிடமும் கூடப் பிறந்தவற்றிடமும்தான் கற்கிறது. சீக்கிரம் பிரித்த குட்டி பின்னால் வீட்டுப் பிள்ளையைக் கடிக்கும். வாங்கியவரால் வைத்துக்கொள்ள முடியாமல் போனால் நாயை உங்களிடமே திருப்பித் தரும்படி எழுதி வாங்குங்கள். திரும்பி வரும் நாய்க்கு உங்கள் கொல்லையில் இடம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விற்பதற்காக நாய் வளர்ப்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இரண்டு ஆண்டு செல்லும். தாய், தகப்பன், ஈன்ற தேதி, இறந்த குட்டி, விற்ற குட்டி எல்லாவற்றுக்கும் பேரேடு வேண்டும். பதிவுக்கு எங்கே போவது, எந்த ஆண் நாயைச் சேர்ப்பது, நாய்க்கு என்ன பரிசோதனை என்பதை உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்திலும், பெரம்பலூரில் உள்ள கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையத்திலும் கேட்கலாம். பெரிய சிகிச்சை என்றால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஜெயங்கொண்டத்திலிருந்து அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பதை நாய் சினைப்படும் முன்பே ஒரு முறை போய்ப் பார்த்துவிடுவது நல்லது.