கூலி கொடாமல் ஊர் சுற்றும் விதை

மூணாற்றிலிருந்து சின்னக்கானல், சூரியநெல்லி வழியாகக் கொழுக்குமலை ஏறி வரும் மாணவர், விடுதிக்குத் திரும்பியதும் கால்சட்டையில் ஒட்டிய கருநிற ஊசிகளைப் பிடுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அவை எங்கிருந்து வந்தன? பாதையோரத்தில், நடுவே மஞ்சளும் சுற்றிலும் சில வெள்ளை இதழ்களுமாகச் சிரித்து நின்ற சிறு செடியிலிருந்து வந்தவை. செடிநூலார் அதனைப் 'பைடென்ஸ் பைலோசா' என்பர். 'பைடென்ஸ்' என்னும் இலத்தீன் சொல்லுக்கு 'இரு பல்லுடையது' என்பது பொருள்.

நாம் விதை என்று சொல்வது உண்மையில் ஒரு காய். ஒரே விதையை உள்ளடக்கிய உலர்ந்த காய். அதன் நுனியில் இரண்டு மூன்று முட்கள் உள்ளன. ஒவ்வொரு முள்ளிலும் தூண்டிலில் இருப்பதுபோலப் பின்னோக்கிய சிறு கூர்கள் பல. துணியில் நுழைவது எளிது, வெளியேறுவது அரிது. நம் ஊர் நாயுருவியும் ஒட்டும் கலையில் வல்லதே.

மாமரம் அணிலுக்கும் வௌவாலுக்கும் சதையைக் கூலியாகத் தருகிறது. இச்செடியோ எதுவும் தராமலே ஆட்டின் மயிரிலும் மனிதன் ஆடையிலும் பயணம் செய்கிறது! இதன் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. இன்று உலகின் வெப்பநாடுகள் பலவற்றில் இது களை. நன்கு வளர்ந்த ஒரு செடி 3000 விதைகளுக்கு மேலும் தரவல்லது.

ஒட்டும் விதையிலிருந்து மனிதன் பாடமும் கற்றான். 1941இல் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல், தம் நாயின் மயிரில் ஒட்டிய வேறொரு செடியின் காயை உருப்பெருக்கியில் கண்டார். அதன் கொக்கிகளே இன்று நம் பைகளிலும் காலணிகளிலும் உள்ள 'வெல்க்ரோ'வுக்கு வழிகாட்டின.

ஆயினும் மலைக்கு இது விளையாட்டன்று. கொழுக்குமலைச் சரிவுகளில் 2018இல் பூத்த நீலக்குறிஞ்சி, பன்னிரண்டு ஆண்டு காத்திருந்து ஒருமுறை பூத்து, விதை தந்து மடிவது. அதன் விதை தாய்ச்செடியின் அருகிலேயே விழுகிறது. பைடென்சுக்கோ காத்திருப்பும் இல்லை, தொலைவும் இல்லை. மண் கிளறப்பட்ட இடமெல்லாம் அதற்கு வீடு. அங்கே அதனை ஏற்றிச் செல்லும் வண்டி நாமே.

எனவே நண்பர்களே, மலைப்புல்வெளிக்குள் புகுமுன் ஆடையையும் காலணியையும் ஒருமுறை உதறுங்கள். பிடுங்கிய ஊசிகளை வழியில் எறியாமல் தாளில் மடித்துக் கொண்டுவந்து எரித்துவிடுங்கள். குறிஞ்சிக்கு நாம் செய்யக்கூடிய சிறு தொண்டு அது.